கறிவேப்பிலைச் சாடியில் மஞ்சள் காளான்

எங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு ஜன்னலோரத்தில் அளந்து கொடுத்த இடம் உண்டு: ஹீற்றரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இலை கண்ணாடியில் முட்டாமல். ஜனவரியில் ஒரு காலை அதன் அடியில் எலுமிச்சை மஞ்சளில் மூன்று காளான்கள் நின்றன. தீக்குச்சி உயரம். மாலையில் குடை விரித்தன. மறுநாள் துவண்டு மண்ணில் கிடந்தன.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அப்பா, அது நஞ்சு. சின்னவள் இப்ப தவண்டு திரியிறாள், கையிலை பட்டதெல்லாம் வாய்க்குள்ளைதான். சனிக்கிழமை நாங்கள் வரவேணுமெண்டால் அது வீட்டுக்குள்ளை இருக்கக் கூடாது. பல்கனியிலை வையுங்கோ."

பல்கனியில் உறைபனி. ஓர் இரவிலேயே செடி செத்துவிடும். பேத்தியோ நவம்பருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மேல்மண்ணை ஒரு விரல் ஆழத்துக்கு வழித்தெடுத்துப் புது மண் போட்டேன். தண்ணீரை நிறுத்தினேன். காய்ந்த மண்ணில் காளான் வராது என்பது என் கணக்கு. வியாழக்கிழமை மறுபடி வந்தது. மண்ணுக்குள் விரலை விட்டேன். ஈரம், புளித்த வாடை.

"நீர் ஏதும் ஊத்தினீரோ?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அரிசி கழுவின தண்ணி. அதோடை கொஞ்சம் புளிச்ச மோர்."

"ஊத்த வேண்டாமெண்டு சொன்னனான்."

"தண்ணிதானே வேண்டாமெண்டனீங்கள். மோர் குடிக்காமல் வளர்ந்த கருவேப்பிலையை எங்கை கண்டனீங்கள்?"

ஊரில் முற்றத்து மரத்துக்கு ஊற்றினால் மிச்சத்தை வெயிலும் எறும்பும் பார்த்துக்கொள்ளும். அடியில் தட்டு வைத்த சாடியில், பூட்டிய ஜன்னலுக்குப் பின்னால், ஊற்றியதெல்லாம் உள்ளேயே கிடக்கிறது. காளான் செடியைத் தின்ன வரவில்லை. எங்கள் கை கொடுத்ததைத் தின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை சாடியைப் படுக்கையறைக்கு இழுத்துப்போய்க் கதவைப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மகள் வந்ததும் வெறுமையாகக் கிடந்த பல்கனியைப் பார்த்தாள், பூட்டிய கதவைப் பார்த்தாள், பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். பேத்தி கூடம் முழுக்கத் தவழ்ந்தாள்.

பருப்புக்குத் தாளிக்க மகள்தான் அடுப்படியில் நின்றாள். கடுகை எண்ணெயில் போடுமுன் என் பக்கம் கையை நீட்டினாள்.

"திறப்பைத் தாங்கோ அப்பா."

திரும்பி வந்தபோது ஒரு கையில் ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, மறு கையில் டிஷ்யூவில் சுற்றிய காளான். காளானைக் குப்பையில் போட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே இலையை உருவினாள்.

"அடுத்த முறையும் பூட்டியே வையுங்கோ," என்று திறப்பை என் சட்டைப்பையில் போட்டாள்.