முனீஸ்வரி அக்கா அடித்த லாடம்

வத்தலக்குண்டு பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் எங்கள் ஆய்வகத்தின் கொட்டகை இருக்கிறது. உள்ளே பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி. பக்கத்தில் இரும்பு வந்தால் அளவு பிசகிவிடும். அதனால் காவலுக்கு இருக்கும் முனீஸ்வரி அக்கா, கருவியைப் பராமரிக்கப் போகும் என்னிடமே பெல்ட்டையும் சாவியையும் வேலிக்கு வெளியே வாங்கி வைத்துவிடுவார். ஆறு வருடமாக அவர் தாலிக்கொடியில் ஓர் ஊக்குகூட மாட்டியதில்லை.

சூரியனிலிருந்து புயல் கிளம்பினால் வடதேசங்களில் வானமே நிறம் மாறும். நம் ஊரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நம் கருவி வரையும் கோடு துள்ளும். அதே நடுக்கோட்டை ஒட்டிய பெரு, எத்தியோப்பியா நிலையங்களின் அளவுக் கணக்கோடு அக்காவின் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

2024 மே மாதப் பெரும்புயல் ஒரு வெள்ளிக்கிழமை இரவில் தொடங்கியது. அன்று காலையிலேயே எங்கள் கோடு திடீரென ஒரு படி ஏறி அங்கேயே நின்றுவிட்டது. காரணம் தெரியாவிட்டால் உங்கள் கணக்கைச் சேர்க்க முடியாது என்று, புயல் ஓய்ந்தபின், எல்லார் கணக்கையும் தொகுக்கும் பெரு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது.

விழுந்தடித்துக்கொண்டு போனேன். கொட்டகையின் வாசல் நிலையில் ஒரு குதிரை லாடம் அடித்திருந்தது.

"என்னக்கா இது?"

"கரண்டு பெட்டி புகையுது, தென்னையில இடி விழுகுது. கண்ணு பட்டுருச்சுன்னு அடிச்சேன் தம்பி. சாமி காரியமாத்தான் நெனச்சேன், இரும்புன்னே தோணல."

அந்த வெள்ளிக்கிழமை அட்சய திருதியை; ஊரே தங்கம் வாங்கப் போன அன்று அக்கா இரும்பு வாங்கியிருக்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது, பயமாகவும் இருந்தது.

"கழட்டிருவோம். கருவிக் கோளாறுன்னு எழுதிர்றேன். யார்ட்டயும் சொல்லாதீக, உங்க வேலை போயிரும்."

"அப்ப புயலன்னைக்கி எடுத்த கணக்கு?"

"தூக்கிப் போட்ருவாங்க."

"இம்புட்டு வருசம் காத்துக் கெடந்ததே அந்த ஒரு நாளுக்குத்தான தம்பி? நான்தான் அடிச்சேன்னு எழுதுங்க. வெள்ளிக்கெழம ஒம்போதே முக்கால். காலண்டர்ல நல்ல நேரம் பாத்துத்தான் அடிச்சேன்."

கோடு படி ஏறியதும் அதே நிமிடம்தான். அந்த ஏற்றத்தை மட்டும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் புயல். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன்.

நான்கு நாளில் பதில் வந்தது. அக்காவின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். "உங்கள் கணக்கைச் சேர்த்துக்கொண்டோம். வேறு இரண்டு நிலையங்களிலும் இதுபோல் படி இருக்கிறது. யாரும் காரணம் சொல்லவில்லை. அவற்றை விட்டுவிட்டோம்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், அங்கயும் யாராச்சும் ஒரு தம்பி வந்து, சொல்லாதன்னு சொல்லிருப்பாக," என்றார்.