அண்ணன் போட்ட பேண்ட்

ஆரணியில் எங்களிடம் பட்டுச்சேலை வாங்கும் சென்னை வியாபாரி ஒருவர், ஞாயிற்றுக்கிழமை தன்னோடு கோல்ஃப் மைதானத்துக்கு வரச் சொன்னார். நான் அப்படியொரு இடத்தைப் பார்த்ததே இல்லை. முன்கூட்டியே அங்கே போன் போட்டு விசாரித்தேன். ஆடுகிறவர்களுக்குத்தான் காலர் சட்டையும் ஷூவும் கட்டாயம், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வேட்டியிலும் வரலாம் என்றார்கள்.

அன்று சாயங்காலம் தறியிலிருந்து எழுந்து வந்த என் அண்ணன், "நானும் வரட்டாடா? டிவியில பாத்துகினே இருக்கேன், அந்தப் புல்லைக் கிட்ட போய்ப் பாக்கணும்" என்றார்.

வெற்றிலைக் கறைப் பல்லும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக அவரை வியாபாரி முன்னால் நிறுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வேட்டி கட்டிகினு வந்தா உள்ள விடமாட்டாங்கண்ணா" என்று பொய் சொன்னேன்.

ஞாயிறு காலை, புது பேண்ட்டும் ஷூவுமாக அண்ணன் கிளம்பி நின்றார். ஐம்பது வயதில் அவர் போட்ட முதல் பேண்ட் அது.

"இப்ப விடுவாங்க இல்ல?" என்று சிரித்தார். வேறு வழியில்லாமல் அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மைதானத்து வராந்தாவில் வேட்டி கட்டிய பெரியவர்கள் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வியாபாரி வந்ததும், "எல்லாம் தம்பிதாங்க விசாரிச்சு என்னைக் கூட்டிகினு வந்தான்" என்றார்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் திட்டவே இல்லை. நானும் இன்னும் கேட்கவில்லை.