குண்டுப் பெட்டியில் சீடை

பிள்ளைகளே, நம் வீட்டில் அடுக்கியிருக்கும் ஆறு மரப்பெட்டிகளைப் பார்த்து, "உங்க அப்பா மிலிட்டரியா?" என்று உங்கள் ஃப்ரெண்ட்ஸ் கேட்கிறார்கள். நான் லோடு ஆட்டோ டிரைவர். வீடு மாறுகிறவர்களின் சாமானை ஏற்றி இறக்குவது என் வேலை. அந்தக் காலத்தில் துப்பாக்கிக் குண்டு அடைத்து வந்த பெட்டிகள் இவை. வேண்டாம் என்று கழிக்கும் வீடுகளில் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். கயிற்றுப் பிடி, பக்கத்தில் பெயிண்டால் அடித்த எழுத்து, நம்பர் எல்லாம் இருக்கும். ஆனால் ஒன்றுக்கும் மூடி கிடையாது.

மூடியோடு ஒன்றை ஸ்ரீரங்கத்தில் பார்த்தேன். புத்தூர் ஃப்ளாட்டுக்கு மாறுகிற வீடு. அடுக்களை மூலையில் இருந்தது. எனக்குக் கை பரபரத்தது.

"மாமி, இந்தக் குண்டுப் பெட்டியும் ஏத்தணுங்களா?"

"குண்டாத்தான் இருக்கும். நாலு படி சீடை கொள்ளுமே!"

"அந்தக் குண்டு இல்லைங்க மாமி. துப்பாக்கிக் குண்டு."

மாமி இரண்டடி பின்னால் போனார். "ஏன்னா! உங்கப்பா வாங்கிண்டு வந்த பெட்டி என்னன்னு தெரியுமா?"

மாமா பேப்பரை இறக்கவில்லை. "அதான் உன் சீடை வருஷா வருஷம் எண்ணெயில வெடிக்கறது."

"விளையாடாதீங்கோ! ஏம்ப்பா, இத நீயே எடுத்துண்டு போயிடு. என் கண்ணுல படப்படாது."

பெட்டியில் இருந்த சீடையை மாமி விரல் நுனியால் எடுத்துப் பையில் போட்டார். நான் பெட்டியைத் தூக்கிவிட்டேன். வாசல்படி தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது: "பையில வெச்சா நமுத்துப்போயிடுமே..."

மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து இறக்கினேன்.

"பயப்படாதீங்க மாமி. குண்டெல்லாம் காலியாகித்தான் உங்க வீட்டுக்கு வந்திருக்கும். இது வெறும் பெட்டி. எங்க பாப்பா இந்த மாதிரி பெட்டி மேலதான் உக்காந்து படிக்குது."

"நெஜமாவா?"

"சத்தியமாங்க."

"அப்போ குடு இங்க!" பிடுங்கிக்கொண்டார். புத்தூரில் வண்டியிலிருந்து முதலில் இறங்கியது அதுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்ரீஜெயந்திக்கும், அதான் கிருஷ்ண ஜெயந்திக்கும், சீடை செய்ததும் மாமி போன் செய்வார். போன தடவை ஆட்டோ ஸ்டாண்டில் கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, குண்டு ரெடி! சீக்கிரம் வந்து எடுத்துண்டு போ!"

டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

இந்த வேலையில் நான் கற்றது இரண்டு. ஒருவர் பயந்துபோய்க் கொடுப்பதை வாங்கிக்கொள்ளக் கூடாது. மாமி போனை ஸ்பீக்கரில் போடக் கூடாது.