மச்சான் கொண்டுவந்த வறுத்த தேயிலை

என் மனைவிக்கு நெஞ்சுப் படபடப்பு வந்தபோது, மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் கோப்பியை அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் அது. காஜா பெராங் என்ற இடத்தில் குடியிருந்தோம். எனக்குப் பேச்சு குறைவு. விடியற்காலையில் கோப்பி வடித்துக் கொடுப்பது ஒன்றுதான் அவளுக்கென்று நான் செய்துவந்த காரியம். அதுவும் இல்லாமல் போயிற்று.

அந்த இடத்தில் அவள் அண்ணன் வந்து உட்கார்ந்தார். சிங்கப்பூரில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கம்பெனியில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அந்த முறை ஒரு டின் ஜப்பான் தேயிலை கொண்டுவந்தார். பழுப்பாக வறுத்த இலை. அங்கே பிள்ளைகள்கூடக் குடிப்பார்கள், நெஞ்சை ஒன்றும் செய்யாது என்றார். கொதிக்க விடாமல் வெந்நீர் ஊற்றி மூடிவைக்க வேண்டுமாம். பாலும் சீனியும் கூடாதாம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். என் கோப்பியை அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. சண்டைக் காலத்தில் நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஜப்பான்காரனிடம் பட்டதை மறந்து அவன் சரக்கை வீட்டில் வைப்பதா என்று முணுமுணுத்தேன். அது சாக்கு. நான் நினைத்தது மச்சானைத்தான்.

மறுநாளிலிருந்து தேத்தண்ணியை நானே போட்டேன். முதலில் எனக்குக் கோப்பி வடிப்பேன். வடிக்கும் துணிப்பையில் ஈரக் கோப்பிச் சக்கை இருக்கும்போதே அவள் தேத்தண்ணியையும் அதில் ஊற்றி வடிப்பேன், என் கோப்பி வாசம் கொஞ்சம் அதில் ஏறட்டும் என்று.

"நீங்க போட்டாத்தாங்க தனி ருசி," என்றாள் மூன்றாம் நாள். அன்று முழுவதும் வேலையிடத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த வாரம் படபடப்பு திரும்பியது. சக்கையில் கோப்பியின் வீரியம் அவ்வளவு மிச்சமிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உடனே அதை நிறுத்தினேன், ஆனால் சொல்லவில்லை. அவள் தேயிலைமேல் பழி போட்டபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மச்சான் வந்ததும் டின்னைத் திருப்பிக் கொடுத்தாள். "இது குடிச்சாலும் படபடப்புத்தாண்ணே. நாளையிலேருந்து பழையபடி கோப்பியே குடிக்கிறேன்."

அவர் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். "ஒனக்குக் கெடுதல் பண்ணிட்டேனேம்மா."

நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஆனால் கோப்பி அவளை என்ன செய்யும் என்பது எனக்குத்தான் தெரியும். சக்கையைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"வாயே தொறக்காத மாப்புள்ள, என்னா வேலை பாத்திருக்காரு பாரு," என்றார் மச்சான்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த மாசம் ரெண்டு டின்னா கொண்டாங்கண்ணே."

அவளே உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டு எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலிக் கோப்பையை இன்னொரு தடவைக்கு அவளிடம் நீட்டினேன்.