ஐந்து மூச்சு நிறுத்தம்

நாடகக் குழுவில் அவளுக்கு வைத்த பெயர் குசுகுசு. பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு, பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு முதல் சொல்லை மெதுவாக எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே முக்காலி. கைதட்டல் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கு. சொதப்பினால் மட்டும் பழி இவள் தலையில் விடியும். இது ஒரு வேலையா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை ஒரே ஒரு காட்சிக்கு அங்கே உட்கார வைக்க வேண்டும்.

புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு மேடைச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். மேடை வலது என்றால் பார்க்கிறவருடைய வலது இல்லை, நடிகருடைய வலது. க்யூ என்றால் எதிராளி வசனத்தின் கடைசிச் சொல்; அது விழுந்தால் நீ தொடங்க வேண்டும். நிறுத்தம் என்றால் வேண்டுமென்றே விடும் மௌனம்; இத்தனை மூச்சு என்று பிரதியில் குறித்திருக்கும். நிறுத்தத்துக்கும் மறதிக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். கண்ணைப் பார்த்தால் தெரியும் என்பாள், கொஞ்சம் கர்வமாகவே.

அந்தக் கர்வத்துக்கு வேட்டு வைத்தவர் அவளுடைய சொந்த அண்ணன். குழுவின் முக்கிய நடிகர் அவர்தான். புது நாடகத்தில், ஓடிப்போன மகன் திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது அப்பாவாக நடிக்கும் இவர் ஐந்து மூச்சு பேசாமல் நிற்க வேண்டும். முதல் நாள், மூன்றாவது மூச்சிலேயே அவள் அவசரப்பட்டு எடுத்துக்கொடுத்துவிட்டாள். குரல் முன்வரிசைவரை கேட்டது, சிரித்துவிட்டார்கள். ஒப்பனை அறையில் எல்லோர் முன்னாலும் அண்ணன் அவளைக் காய்ச்சி எடுத்தார்.

"நான் மறந்தா வலது கை காலருக்குப் போகும். அப்ப மட்டும் சொல்லு. போகலேன்னா, மேடையே இடிஞ்சு விழுந்தாலும் வாயத் திறக்காத."

சரி என்று தலையை ஆட்டினாள். அழுகையைவிட ரோஷம்தான் அதிகமாக வந்தது. இனி செத்தாலும் திறப்பதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இன்றுவரை அந்த வார்த்தைக்காகத் தன்னையே சபித்துக்கொள்கிறாள்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சி. மகன் வந்து வாசலில் நின்றான். அண்ணன் பேசாமல் நின்றார். ஐந்து மூச்சு போயிற்று. எட்டு. பன்னிரண்டு. அண்ணனின் கண் பக்கத்திரைப் பக்கம் திரும்பி நேராக அவளைப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியாததா? உதடு பிரிந்து முதல் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வலது கை தொங்கியபடியே இருந்ததால் அதை விழுங்கிக்கொண்டாள். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். இப்படி ஒரு நடிப்பா என்று அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அண்ணன் சரிந்து விழுந்தார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அந்த அரை நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அண்ணியும் அதையே சொன்னாள். இவள் காதில் ஏறவில்லை. கை எப்படிக் காலருக்குப் போகும், முதலில் விழுந்ததே அந்தக் கைதானே.

அதற்குப் பிறகு அவள் குழுவுக்குப் போகவில்லை. தினமும் அண்ணன் வீட்டுக்குப் போய் ஜன்னலோரம் அவர் பக்கத்தில் உட்காருகிறாள். அவர் வாயைத் திறப்பதற்குள் தண்ணியா, போர்வையா, முதுகு வலிக்குதா என்று அடுக்கிவிடுவாள். ஒரு மூச்சு நேரம்கூட அவரை மௌனமாக விட அவளுக்குப் பயம்.

நேற்று எதைக் கேட்டாலும் அவர் இல்லை என்றே தலையசைத்தார். உதடு கோணிக்கோணி எதையோ தேடியது. பிறகு இடது கை மடியிலிருந்து எழுந்து, மெல்ல ஊர்ந்து, சட்டைக் காலரைப் பிடித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மடியைப் பார்த்தாள். பிரதி இல்லை.

"என்ன சொல்ல வர்றீங்கண்ணே? எனக்குத் தெரியலையே."

கை காலரிலேயே இருந்தது.