செல்லபாய் மீறிய வாக்கு

செல்லபாய்க்குப் பிள்ளைகளை அடிக்கத் தெரியாது. கரமனை ஆற்றுக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதை ஒரு குறையாகவே பேசுவோம். மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து ஒரு குடையும் ஒரு பை நிறையக் கதைப் புத்தகங்களுமாக வந்து சேர்ந்தவள். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர், நான் நான்காம் வகுப்பு. நடுவே ஓர் ஓலைத் தட்டிதான். அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாடப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு கதை வாசிப்பாள். ராஜகுமாரன் பாழுங்கிணற்றில் இறங்குகிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, புத்தகத்தை ஜன்னலில் வைத்துவிடுவாள். மணி அடித்த பிறகும் ஐந்தாறு பேர் வீட்டுக்குப் போகாமல் ஜன்னலடியில் முட்டி மோதி எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

கதைக்குப் பிறகு, ‘நேற்று எங்கள் வீட்டில்’ என்று எழுதச் சொல்வாள்.

“தப்பு வந்தா வரட்டும். உள்ளதை எழுதணும். நான் மட்டும்தான் வாசிப்பேன், வேற ஒரு ஆளும் பாக்காது.”

அந்த வாக்கை நம்பித்தான் பிள்ளைகள் எழுதினார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். என் வகுப்பில் மழைக்காலம் பற்றி எழுதச் சொன்னால் முப்பது நோட்டிலும் ஒரே மழைதான் பெய்யும்.

ஹெட்மாஸ்டர் நீலகண்டனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஐம்பதாம் வருஷம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் கூப்பிட்டுச் சொன்னார்: “இதென்ன கூத்துன்னு அவர் கேட்டார்னா, அன்னைக்கோட நிறுத்திடணும், கேட்டீங்களா?”

இன்ஸ்பெக்டர் அதைத்தான் கேட்டார். செல்லபாய் பதறிப் போனாள். நோட்டுகளில் நல்லதாக ஒன்றை உருவினாள். உலகம்மை என்ற பிள்ளையுடையது. பெயரைச் சொல்லாமல் வாசித்தால் வாக்குத் தவறியதாகாது என்று நினைத்தாளாம்; பிறகு என்னிடம் சொன்னாள்.

‘நேற்றும் எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு. கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். தம்பிக்கு மட்டும் சோறு. அம்மா அதில் கொஞ்சம் எடுத்து எங்கள் இலைகளில் ஒட்டினாள். பிறகு இலைகளைத் தெருவில் போட்டாள். எதிர்வீட்டு மாமி பார்த்தாள். பசு வந்து முதலில் சோற்றைத்தான் தின்றது. பசு கொடுத்துவைத்தது.’

ரேஷன் அரிசி போதாத காலம் அது. முக்கால்வாசி வீட்டில் இந்த மரவள்ளிக் கிழங்குதான். ஆனாலும் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த வயல்காரக் குடும்பத்தார் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததால் நீலகண்டன் சிரித்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். இப்போது எழுதும்போது கூட எனக்குக் கூசுகிறது. பிள்ளைகளும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இன்ஸ்பெக்டர் மிகச் சிறந்த முறை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை வகுப்பு பிழைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் உலகம்மையின் அம்மா பகவதியம்மாள் வந்தாள். உள்ளே வராமல் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றாள்.

“பிள்ளைக எங்க வாசல்ல நின்னு இலையைப் பாத்துச் சிரிக்குது, டீச்சர். நான் அவளை அடிக்கல்ல. அவ உங்களை நம்பி எழுதினா. இனி எந்த மூஞ்சியோட நான் குழாயடிக்குப் போகது?”

சொல்லிவிட்டுப் பகவதியம்மாள் திரும்பி நடந்தாள். அன்றைக்குச் செல்லபாய் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை.

“காட்டிக் குடுத்துட்டேனே, அந்தப் பிள்ளையை,” என்று என்னிடம் சொன்னாள். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பின் முன்னால் நின்று, “நான் செஞ்சது தப்பு. இனி ஒருநாளும் செய்யமாட்டேன்,” என்றாள். பிள்ளைகள் கேட்டுவிட்டு எழுதினார்கள். நோட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நானும் தட்டியைச் சுற்றிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். எல்லா வீட்டிலும் சோறு, சாம்பார், பப்படம், பாயசம். ஒரு வீட்டிலும் கிழங்கு இல்லை. அப்பா அம்மா சண்டை இல்லை. யாருக்கும் காய்ச்சல் இல்லை. கையெழுத்து மட்டும் முன்னைவிட அழகாக இருந்தது.

கடைசியாக உலகம்மை வந்தாள். நோட்டைத் திறந்தே மேஜைமேல் வைத்தாள்.

“இதை உரக்க வாசிக்கலாம், டீச்சர்,” என்றாள்.