வரவில்லை என்று சொன்ன எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளில் பாதிப் பேருக்காவது அவர்மேல் ஒரு பழைய வருத்தம் உண்டு. அதை மூடி மறைத்துவிட்டு, அவர் தங்கமான மனிதர் என்று மட்டும் எழுதினால் அவருக்கே பிடிக்காது.

அண்ணன் பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரியில். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா, பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினார். நாங்கள் பள்ளியில் படித்தது மலையாளம். தங்கை நான் எழுதும் இந்தக் கட்டுரையைக்கூட அண்ணிதான் பிழை திருத்தித் தந்தார். ஆனாலும் ஊரில் சுடலைமாடசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் போவோம். அப்பா அந்தக் கோயிலின் சாமிகொண்டாடி. உச்சிக்கொடையில் மேளம் முழங்கச் சாமி அவர்மேல் இறங்கும். ஆடுவார், குறி சொல்வார். அவருக்குப் பிறகு அந்த உரிமை மூத்த மகனுக்கு.

அப்பா இறந்த அடுத்த கொடையில் அண்ணனுக்குச் சலங்கை கட்டினார்கள். நல்ல உச்சி வெயில். அவரவர் நிழல் அவரவர் காலடியில் ஒடுங்கிக் கிடந்தது. மேளம் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் அசையவில்லை. அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பா அவர் காதருகே போய், "ஆடுடே, சனம் பாக்கு" என்றார்.

அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "எம்மேல ஒண்ணும் வரல்ல சித்தப்பா. வராதத வந்துட்டுன்னு நான் ஆடமாட்டேன்."

மேளம் நின்றுவிட்டது. சித்தப்பா சலங்கையை வாங்கித் தன் காலில் கட்டிக்கொண்டு ஆடிக் கொடையை ஒப்பேற்றினார். அதன்பின் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும், யாருக்கு வரன் தட்டிப்போனாலும் பழி அண்ணன் தலையில்தான்.

அண்ணனும் பிறகு அதே கிடங்கில்தான் வேலை பார்த்தார். ஆட்கள் போனபின், அந்தி நேரத்தில், காயல் நீரைப் பார்த்த வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விளக்கு கிடையாது, சாமி படம் கிடையாது, மந்திரம் கிடையாது. ஒருநாள் அங்கே காவலுக்கு இருந்த, நாங்கள் சேட்டன் என்று அழைக்கும் மலையாளிப் பெரியவர் என்னைச் சாயாக்கடை முன்னால் நிறுத்தினார்.

"மோளே, அண்ணன்கூட வேற ஆரா இருக்கறது? ரெண்டு பேர் மூச்சு கேக்குது. நோக்கினா ஒராள்தான்."

மறுநாள் நானே போனேன். அடைமழைக் காலம், சுவரெல்லாம் ஓதம். பெஞ்சின் ஒரு கோடியில் அண்ணன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மறுகோடியில் நான் கையை ஊன்றி உட்காரப் போனேன்.

"அங்க இருக்காத பிள்ள."

பலகை சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்ததுபோல. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"யாருண்ணே?"

"தெரியாது. நான் கேக்கவும் இல்ல. ஊர்ல அவ்வளவு கொட்டடிச்சும் வரல்ல. இங்க கூப்பிடாமலே வருது."

"பயமா இல்லியா?"

"பயந்தான். பயந்தா நம்பக்கூடாதா?"

ஆலுவாவில் ஒரு மந்திரவாதி இருக்கிறார், போய்ப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். "நீ போயிட்டு வா, எனக்கும் சேத்து ஒரு கயிறு கட்டிக்கோ" என்று சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

சுக்குத் தூசி அவர் நெஞ்சைத் தின்றது. படுக்கையில் விழுந்தபோது எங்களுக்கு ஒரே கவலைதான். சாமியிடம் மன்னிப்புக் கேட்காமல் போய்விட்டால் அந்தக் கோபம் பிள்ளைகள்மேல் திரும்புமே. அண்ணியும் நானும் மாறி மாறிக் கேட்டோம். "தப்பு செஞ்சாத்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஊரிலிருந்து சித்தப்பாவே கோயில் திருநீற்றோடு வந்தார். என்னைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"எம்மேலயும் ஒரு வருசங்கூட வந்ததில்லடே. சனத்துக்காவ ஆடுனேன். குறியெல்லாம் நானாச் சொன்னதுதான். நீ சொல்லு, வந்தா எப்படி இருக்கும்?"

அண்ணன் மூச்சைத் திரட்டிச் சொன்னார்: "ஆடணும்னு தோணாது சித்தப்பா. அசையாம இருக்கத் தோணும்."

கிழவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல அழுதார். மன்னிப்பு என்ற பேச்சே அதன்பின் எழவில்லை. இரண்டொரு நாளில் அண்ணன் அமைதியாகக் கண்மூடினார்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த பஜார் நண்பர்களுக்கும், சலிக்காமல் பணிவிடை செய்த அண்ணிக்கும், சுடுகாடுவரை தோள்கொடுத்த சேட்டனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலாகச் சித்தப்பாவுக்கு. இதையெல்லாம் மலரில் போடச் சொன்னவர் அவர்தான்.

இந்த ஆண்டு உச்சிக்கொடையில் அவர் சலங்கை கட்டவில்லை. மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, "எனக்கு என்னைக்கும் வந்ததில்ல, சனங்களே" என்று கைகூப்பி நின்றார். ஒருவரும் ஏசவில்லை. சற்றைக்கெல்லாம் கூட்டம் வாசலிலிருந்து பீடம்வரை இரண்டாக விலகிக்கொண்டே வந்தது. அண்ணன் மகள் ஒரு பக்கம் ஒதுங்கினாள், நான் மறுபக்கம் ஒதுங்கினேன். நடுவே யாரும் கண்ணில் படவில்லை; அன்று பெஞ்சுப் பலகையில் இருந்த அதே சூடு மட்டும் உரசிக்கொண்டு போனது. எங்களைக் கடந்து போனவர் யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.